வெனிஸுக்கு முன்பே இறங்கிவிடலாம்

2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நகரத்துக்குள் நுழைவதற்கே டிக்கெட் வாங்க வேண்டும் என்றானது. எல்லோரும் அல்ல; காலையில் வந்து மாலையில் திரும்புகிறவர்கள் மட்டும். கட்டணம் 5 யூரோ. ரயில் நிலைய வாசலில் பணியாளர்கள் நின்று, வந்திறங்கியவர்களின் கைப்பேசியில் கியூஆர் குறியீட்டைச் சரிபார்த்தார்கள். முதல் ஆண்டில் கூட்டம் மிகுந்த 29 நாட்களுக்கு இருந்த இந்த ஏற்பாடு, 2025இல் 54 நாட்களாக நீண்டது. கடைசி நேரத்தில் பதிவுசெய்பவர்களுக்குக் கட்டணம் இரண்டு மடங்கானது. நகரத்தில் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு; அவர்கள் விடுதி வழியாகத் தங்கும் வரி செலுத்திவிடுகிறார்கள்.

ஆக, ஐரோப்பியச் சுற்றுலாவின் குற்றவாளிக் கூண்டில் இப்போது ஏற்றப்பட்டிருப்பவர் ‘ஒரு நாள் பயணி’.

வெனிஸின் எரிச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1950களின் தொடக்கத்தில் அந்தத் தீவு நகரத்தில் 1,70,000க்கும் மேற்பட்டோர் வசித்தார்கள். இன்று 50,000 பேர்கூட இல்லை. ஆனால், வந்துபோகிறவர்களின் எண்ணிக்கை ஆண்டுக்குக் கோடிக்கணக்கில். அவர்களில் பெரும்பாலோர் இரவு தங்குவதில்லை. சான் மார்கோ சதுக்கத்தில் படம் எடுத்து, ரியால்டோ பாலத்தில் நெரிபட்டு, கையில் ஒரு பீட்சா துண்டோடு நடந்து, குப்பையை மட்டும் விட்டுவிட்டுப் போகிறவர்கள் என்பது நகர நிர்வாகத்தின் குற்றச்சாட்டு. தெருவைக் கூட்டுவதும் கழிப்பறையைக் கழுவுவதும் உள்ளூர் வரிப் பணத்தில் நடக்கிறது. 

வசூல் என்னவோ நடந்தது. முதல் ஆண்டிலேயே 20 லட்சம் யூரோவுக்கு மேல் கிடைத்தது. கூட்டம்தான் குறையவில்லை என்று வெனிஸ் நகர்மன்ற எதிர்க்கட்சியினர் சுட்டிக்காட்டினார்கள். அதில் வியப்பில்லை. விமானத்துக்கும் விடுதிக்கும் விசாவுக்கும் லட்சக்கணக்கில் செலவழித்து வந்தவர், ஐந்து யூரோவைப் பார்த்துத் திரும்பிப் போய்விட மாட்டார். கட்டணம் வசூலித்தார்களே தவிர, ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு எதுவும் வைக்கவில்லை.

பயணி எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதை வெனிஸ் குற்றமாகப் பார்க்கிறது. உண்மையில் கேட்க வேண்டியது, அவருடைய டிக்கெட்டில் எந்த ஊரின் பெயர் இருக்கிறது என்பதை. உலகத்தில் இருக்கிற அத்தனை பேர் டிக்கெட்டிலும் ஒரே நான்கு ஊர்களின் பெயர் இருந்தால், அவர்கள் ஒரு நாள் தங்கினாலும் ஒரு வாரம் தங்கினாலும் அந்த ஊர்கள் மூச்சுத் திணறத்தான் செய்யும். வேறொரு நிறுத்தத்தில் இறங்கினால், அதே ஒரு நாள் பயணி ஒரு நகரத்துக்கு மிகக் குறைந்த தொல்லை தரும் விருந்தாளியாகிவிடுகிறார்.

ஒரு தம்பதியும் ஒரு மிச்ச நாளும்

புளோரன்ஸில் விடுதி எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு தம்பதியை வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டியவர்கள். பிள்ளைகளைப் படிக்கவைத்து வேலைக்கு அனுப்பிவிட்டு, இருவருமாக முதன்முறையாக இத்தாலிக்கு வந்திருக்கிறார்கள். உஃபிஸி ஓவியக்கூடம் பார்த்தாயிற்று. பேராலயத்தின் குவிமாடத்தில் படியேறி மூட்டுவலியும் வாங்கியாயிற்று. இன்னும் ஒரு நாள் கையில் இருக்கிறது.

“இவ்வளவு தூரம் வந்துட்டு வெனிஸ் பாக்காம போனா ஊர்ல என்ன சொல்வாங்க?” என்கிறார் கணவர்.

“ஊர்ல சொல்றதுக்காகவா வந்தோம்?” என்கிறார் மனைவி.

இந்தக் கட்டுரை மனைவியின் கட்சி.

கணக்கும் அவர் பக்கம்தான் இருக்கிறது. புளோரன்ஸிலிருந்து வெனிஸுக்கு அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். போக, வர என்று பார்த்தால் நாலரை மணி நேரம் ரயிலிலேயே கழிந்துவிடும். அந்த ரயில் புறப்பட்ட நாற்பது நிமிடத்துக்குள் ஒரு பெரிய நகரத்தில் நின்றுவிட்டுப் போகிறது. சுமார் 3,90,000 மக்கள் வசிக்கும் பொலோன்யா அது. பெட்டியில் இருக்கும் வெளிநாட்டுப் பயணிகளில் பலர் அங்கே தலையைக்கூட நிமிர்த்துவதில்லை.

அந்த நாற்பது நிமிடத்துக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. இரு நகரங்களுக்கும் நடுவே அப்பனைன் மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. 1864இல் முழுமையாகத் திறந்த பொர்ரெத்தானா பாதையில் நீராவி ரயில்கள் வளைந்து வளைந்து மலையேறின. 1934இல் மலையைக் குடைந்து நேர்ப்பாதை போட்டார்கள். அதன் பெருஞ்சுரங்கம் மட்டுமே 18.5 கி.மீ. 2009 டிசம்பரில் அதிவேகப் பாதை வந்தது. அதன் 78 கி.மீ. நீளத்தில் ஏறக்குறைய 73 கி.மீ. சுரங்கத்துக்குள் ஓடுகிறது. ஜன்னலோர இருக்கைக்கு யாரும் சண்டை போட வேண்டியதில்லை, வெளியே இருட்டுதான்.

இந்தப் பாதையில் அரசின் டிரெனிதாலியா ரயில்களோடு, 2012 ஏப்ரலில் களமிறங்கிய இத்தாலோ என்ற தனியார் நிறுவனத்தின் ரயில்களும் போட்டி போட்டு ஓடுகின்றன. முன்கூட்டியே பதிவுசெய்தால் மலிவு. கடைசி நேரத்தில் விலை எகிறும். விமான டிக்கெட் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. புதியது பிராந்திய ரயில்தான். நின்று நின்று போகும் இந்த ரயிலில் கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. ஒரு மாதத்துக்கு முன் வாங்கினாலும் ரயில் கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது வாங்கினாலும் அதே விலை. பழைய பாதையில் ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். ஆனால், மாலையில் ஒரு ரயிலை விட்டால் அடுத்த ரயில். டிக்கெட் வீணாகாது.

ஒரே ஒரு எச்சரிக்கை. காகித டிக்கெட் என்றால், ரயிலில் ஏறுமுன் நடைமேடையோரம் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி முத்திரை பதித்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி டிக்கெட் என்றால், 2023 ஆகஸ்ட் முதல் ‘செக்-இன்’ செய்தாக வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் இதை மறந்தவர்களுக்குப் பரிசோதகர்கள் தயங்காமல் அபராதம் போடுவார்கள்.

நிலையத்திலேயே தொடங்கும் ஊர்

பொலோன்யாவின் அதிவேக நடைமேடைகள் 2013இல் திறந்தவை. தரைக்கு 20 மீட்டருக்கும் கீழே இருக்கின்றன. நகரும் படிகளில் ஏறி வெளிச்சத்துக்கு வரவே சில நிமிடங்கள் ஆகும். மேலே வந்ததும் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம். அதில் எப்போதும் மணி 10.25.

1980 ஆகஸ்ட் 2, சனிக்கிழமை. கோடை விடுமுறைக் கூட்டம். இரண்டாம் வகுப்புக் காத்திருப்பு அறையில் வைக்கப்பட்டிருந்த குண்டு காலை 10.25க்கு வெடித்தது. 85 பேர் இறந்தார்கள். 200க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நவபாசிசத் தீவிரவாதிகள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. கட்டடத்தைச் சீரமைத்தபோது, வெடிப்பில் பிளந்த சுவரின் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிட்டார்கள். இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த பலகை அருகில் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் நகர மக்கள் நிலையத்துக்கு ஊர்வலமாக வந்து, அதே நிமிடத்தில் அமைதியாக நிற்கிறார்கள்.

சுற்றுலாப் பட்டியல்களில் இந்தச் சுவர் முதலிடத்தில் வராது. ஆனால், ரயிலில் வருகிறவர் இதைத் தாண்டித்தான் நகரத்துக்குள் போகிறார். சொகுசுப் பேருந்தில் வந்து சதுக்கத்துக்குப் பக்கத்தில் இறக்கிவிடப்படுகிறவருக்கு இது கிடைக்காது.

நிலையத்திலிருந்து நகர நடுவிலுள்ள மஜ்ஜோரே சதுக்கம் இருபது நிமிட நடை. இண்டிபெண்டென்ஸா தெரு நேராகக் கொண்டுபோய் விடுகிறது. வெயிலோ மழையோ, குடை விரிக்க வேண்டிய தேவை இல்லை. காரணம், தெருவின் இருபுறமும் தூண்களும் வளைவுகளுமாக நீளும் கூரையிட்ட நடைவழிகள். நகரம் முழுவதும் இவற்றைக் கூட்டினால் 62 கி.மீ. வரும். 2021இல் யுனெஸ்கோ இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது.

இந்த நடைவழிகளின் கதையை எந்த நகராட்சி உறுப்பினரும் படித்துப் பார்க்கலாம். இடைக்காலத்தில் பல்கலைக்கழகம் வளர்ந்து, மாணவர்களும் வணிகர்களும் குவிந்தபோது, வீட்டுக்காரர்கள் மாடியறைகளைத் தெருப் பக்கமாக நீட்டிக் கட்டத் தொடங்கினார்கள். நீட்டிய பகுதிக்கு மரத்தூண் முட்டுக் கொடுத்தார்கள். பச்சையான ஆக்கிரமிப்பு. மற்ற நகரங்கள் இப்படி நீட்டியதை இடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தன. பொலோன்யா வேறு விதமாக யோசித்தது. 1288இல் வந்த சட்டம், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் கட்டாயம் நடைவழி விட வேண்டும் என்றது. ஏற்கெனவே இல்லாதவர்களும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்றது. மேலே அறை உங்களுடையது. கீழே நடக்கும் உரிமை ஊருடையது. பராமரிப்புச் செலவு வீட்டுக்காரருடையது. குதிரையில் ஒருவர் உட்கார்ந்தபடி போகும் உயரம் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். 1568இல் மரத்தூண்களைச் செங்கல்லுக்கும் கல்லுக்கும் மாற்ற உத்தரவு வந்தது. அதையும் மீறித் தப்பித்த மரத்தூண்கள் மஜ்ஜோரே சாலையில் உள்ள இசொலானி மாளிகையின் முன் இன்றும் நிற்கின்றன. சுமார் 9 மீட்டர் உயரம். 13ஆம் நூற்றாண்டு மரம்.

தனியார் நிலத்தில் பொதுமக்கள் நடக்கும் அந்த உரிமை ஏழு நூற்றாண்டுகளைத் தாண்டி இன்றும் செல்லும். தெருவோரம் கடைக்காரர்கள் படிக்கட்டை நீட்டி, நடப்பவர்களைச் சாலையில் இறக்கிவிடும் ஊர்களிலிருந்து வருகிறவர்களுக்கு, இந்த ஒன்றைப் பார்த்ததற்கே ரயில் கட்டணம் ஈடாகிவிடும்.

மதியத்துக்குள் ஓர் ஆயிரமாண்டு

சதுக்கத்தின் ஓரத்தில் நெப்டியூன் நீரூற்று. ஜாம்பொலோன்யா என்ற சிற்பி 1560களில் வடித்த வெண்கலக் கடல் தெய்வம், கையில் திரிசூலம். 1914இல் இதே ஊரில் தொடங்கிய மஸராட்டி கார் நிறுவனம் தன் சின்னத்தை இந்தத் திரிசூலத்திலிருந்துதான் எடுத்தது. 

எதிரே பொதெஸ்தா மாளிகையின் அடியில் நான்கு பக்கமும் திறந்த ஒரு வளைவு மண்டபம் இருக்கிறது. அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்று ஒருவர் முணுமுணுத்தால், எதிர்மூலையில் சுவரைப் பார்த்து நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். நடுவில் நிற்பவருக்குக் கேட்காது. ஒலி கூரை வளைவின் வழியாகவே பயணப்படுகிறது. காசில்லாத வித்தை என்பதால் எந்நேரமும் யாராவது இரண்டு பேர் சுவரோடு பேசிக்கொண்டிருப்பார்கள். நம் தம்பதி அங்கே என்ன பேசிக்கொள்வார்கள் என்பது அவர்கள் சொந்த விஷயம். வெனிஸ் போகாதது பற்றியதாக இருக்காது.

சதுக்கத்தின் தெற்கே சான் பெத்ரோனியோ பேராலயம். 1390இல் தொடங்கிய கட்டடம். முகப்பின் கீழ்ப்பாதிக்குப் பளிங்கு போர்த்தினார்கள். மேல்பாதி வெறும் செங்கல்லாக நின்றுவிட்டது. ஐந்தாம் சார்லஸுக்கு 1530இல் புனித ரோமப் பேரரசராகப் போப்பாண்டவர் முடிசூட்டியது இங்கேதான். ஆனால், உள்ளே பார்க்க வேண்டியது தரையில் இருக்கிறது. ஜியோவன்னி தொமெனிகோ காஸீனி என்ற வானியலாளர் 1655இல் பதித்த நண்பகல் கோடு, ஏறக்குறைய 67 மீட்டர் நீளம். கூரையில் ஒரு சிறு துளை. அதன் வழியே விழும் சூரிய வட்டம் நண்பகலில் இந்தக் கோட்டைக் கடக்கிறது. கோட்டின் எந்த இடத்தில் கடக்கிறது என்பதை வைத்து நாள்காட்டியைச் சரிபார்த்தார்கள். சூரியனின் தோற்ற அளவு ஆண்டு முழுக்க எப்படிக் கூடிக் குறைகிறது என்பதை அளந்தார்கள். சனிக் கோளின் வளையங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பிற்காலத்தில் கண்டுபிடித்தவரும் இதே காஸீனிதான். கோடை மாதங்களில் பகல் 1 மணிக்குச் சற்றுப் பின்பு போய் நின்றால், அந்த ஒளிவட்டம் கோட்டைத் தாண்டுவதைக் கண்ணால் காணலாம். ஒரு நாள் பயணிக்கு இதைவிடக் கச்சிதமான காட்சி அமையாது; மொத்தமும் சில நிமிடங்கள்.

பக்கத்தில் ஆர்க்கிஜின்னாசியோ. 1088இல் தொடங்கியதாகக் கொள்ளப்படும் பொலோன்யா பல்கலைக்கழகத்துக்காக 16ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட மாளிகை. சுவரெங்கும் மாணவர்களின் குலச்சின்னங்கள் ஆயிரக்கணக்கில். உள்ளே 1637இல் மரத்தால் அமைத்த உடற்கூறியல் அரங்கம். நடுவில் சடலத்தைக் கிடத்தும் பளிங்கு மேசை, சுற்றிலும் மாணவர்களுக்கான படி இருக்கைகள். 1944 ஜனவரி 29 அன்று விழுந்த குண்டில் அரங்கம் சிதைந்தது. இடிபாடுகளில் கிடைத்த மரச் சிற்பங்களைப் பொறுக்கியெடுத்து மீண்டும் கட்டினார்கள். கோப்பர்நிகஸ் படித்த பல்கலைக்கழகம் இது. 1732இல் லாரா பாஸி என்ற பெண்ணுக்கு முனைவர் பட்டம் தந்து ஆசிரியராகவும் அமர்த்திய பல்கலைக்கழகமும் இதுவே.

அப்புறம் சாப்பாடு. பன்னிரண்டரைக்குள் போய் உட்கார வேண்டும். இரண்டரைக்கு மேல் பல சமையலறைகள் மூடிவிடும். உலகமெங்கும் ‘ஸ்பகெட்டி பொலோனீஸ்’ என்று விற்கும் பண்டத்தை இந்த ஊர் தன்னுடையதாக ஒப்புக்கொள்வதில்லை. இங்கே கறிக் குழம்பு பட்டையான தாலியத்தெல்லேயோடுதான் சேரும். அந்தக் குழம்பின் செய்முறையை 1982இல் வணிகச் சபையில் முறைப்படி பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். 2023இல் திருத்தமும் போட்டார்கள். வெந்த தாலியத்தெல்லேயின் அகலம் 8 மி.மீ. இருக்க வேண்டும் என்று அதற்கும் முன்பே, 1972இல், தங்கத்தில் ஒரு மாதிரி செய்து பாதுகாக்கிறார்கள். சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். ரிகோத்தா பாலாடைக்கட்டி அடைத்த தொர்தெல்லோனியை வெண்ணெயில் புரட்டித் தருவார்கள்.

இரட்டைக் கோபுரங்களைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 97 மீட்டர் அசினெல்லி, 48 மீட்டர் கரிசெந்தா. அசினெல்லியில் 498 படி ஏறினால் ஊரே தெரியும் என்று பழைய வழிகாட்டி நூல்கள் சொல்லும். 2023 அக்டோபரில் கரிசெந்தாவின் சாய்வும் அடிப்பகுதியின் நிலையும் கவலை தந்ததால் சுற்றிலும் அடைத்துவிட்டார்கள். அசினெல்லியிலும் பார்வையாளர் ஏறுவது நின்றது. பைசா கோபுரத்தைத் தாங்கிப் பிடிக்கப் பயன்பட்ட கருவிகளைக் கொண்டுவந்து கரிசெந்தாவுக்கு முட்டுக்கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். தாந்தே தன் காவியத்தில் குறிப்பிட்ட கோபுரம் என்பதால் ஊருக்கு அதன் மேல் பாசம் அதிகம். நம் தம்பதி தூர நின்று பார்த்துவிட்டுப் போகலாம். மூட்டுக்கும் நல்லது.

666 வளைவுகளோடு கிட்டத்தட்ட 4 கி.மீ. மலையேறும் சான் லூகா நடைவழியை அன்றைக்கு விட்டுவிடுவதுதான் புத்தி. அதற்கு அரை நாள் தனியாக வேண்டும். பதிலாக, மதிய வெயிலில் சாலா போர்சா பொது நூலகத்தில் ஒதுங்கலாம். கண்ணாடித் தரைக்குக் கீழே ரோமானிய நகரத்தின் எச்சங்கள் தெரியும். நுழைவது இலவசம், மாணவர்கள் மேசைகளில் படித்துக்கொண்டிருப்பார்கள். சுற்றுலாப் பயணிக்கென்று தனியாக எதையும் கட்டாமலேயே, ஊர் தனக்கென்று கட்டிக்கொண்டவற்றை விருந்தாளியும் பயன்படுத்திக்கொள்கிறார்.

படுக்கையின் கணக்கு

அந்த நாள் முழுவதும் அந்தத் தம்பதி பொலோன்யாவிடமிருந்து எடுத்துக்கொண்டது என்ன? சாலையில் இடம் எடுக்கவில்லை. ரயிலில் வந்தார்கள், நடந்தார்கள். வண்டி நிறுத்தும் இடம் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படுக்கையை எடுத்துக்கொள்ளவில்லை.

இன்றைய இத்தாலிய நகரங்களில் படுக்கைதான் பெரிய சண்டை. 2023இல் மிலானில் தொடங்கிப் பல பல்கலைக்கழக நகரங்களில் மாணவர்கள் வாடகை உயர்வை எதிர்த்துக் கூடாரம் அடித்துத் தங்கிப் போராடினார்கள். பொலோன்யாவிலும் நடந்தது. அதே ஆண்டு புளோரன்ஸ், தன் பாரம்பரிய மையத்தில் புதிதாக வீடுகளைக் குறுகியகால வாடகைக்கு விடுவதற்குத் தடை கொண்டுவந்தது. உள்ளூர்க் குடும்பமோ மாணவரோ குடியிருக்க வேண்டிய வீட்டை வார வாடகைக்கு விடுவதில் உரிமையாளருக்கு லாபம் அதிகம் என்பதே சிக்கலின் வேர். வெனிஸ் தீவிலிருந்து குடும்பங்கள் வெளியேறியதிலும் வீட்டுச் சந்தைக்குப் பெரிய பங்கு உண்டு. அப்படியிருக்க, வீட்டை எடுத்துக்கொள்ளும் இரவு விருந்தாளிக்கு நுழைவு விலக்கு. வீட்டைத் தொடாத பகல் விருந்தாளிக்குக் கட்டணம். வெனிஸின் கணக்கு இடறுவது இங்கேதான்.

எதிர்வாதங்களும் இருக்கின்றன, கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தத் தம்பதி பொலோன்யாவில் படுக்கவில்லை என்றாலும் புளோரன்ஸில் படுத்திருக்கிறார்களே? ஆம். ஆனால், நான்கு இரவுக்கு நான்கு ஊரில் அறை எடுப்பதற்கும், முறைப்படி இயங்கும் ஒரே விடுதியில் தங்கிப் பகலில் ரயிலேறிப் போய்வருவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஒரு நாள் பயணி கொஞ்சமாகச் செலவழிக்கிறார் என்கிறார்கள். வெனிஸில் அது சரியாக இருக்கலாம். நெரிசலில் உட்கார்ந்து சாப்பிட இடம் எங்கே? பொலோன்யாவில் அதே தம்பதி மேசையில் அமர்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டு, அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் வாங்கி, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

மூன்றாவது வாதம் கனமானது. எல்லோரும் பொலோன்யாவில் இறங்கினால் அதுவும் வெனிஸ் ஆகாதா? அறிகுறிகள் ஏற்கெனவே தெரிகின்றன. பழைய சந்தையான குவாத்ரிலாத்தெரோவின் சந்துகளில் மீன் கடைகளையும் காய்கறிக் கடைகளையும் தள்ளிக்கொண்டு, மொர்தாதெல்லா இறைச்சித் தட்டு விற்கும் கடைகள் வரிசையாக வந்துவிட்டன. மூடப்பட்ட பழைய கால்வாய்களில் ஒன்று கண்ணுக்குத் தெரியும் பியெல்லா தெருச் சிறு ஜன்னலின் முன் படமெடுக்க வரிசை நிற்கிறது. 1465 முதல் இயங்கும் ஒஸ்தெரியா தெல் சோலே என்ற மதுக்கடையில் குடிக்க மட்டும்தான் விற்பார்கள். சாப்பாட்டை வாடிக்கையாளர்கள் சந்தையிலிருந்து வாங்கிவந்து உட்காருவது வழக்கம். அங்கேயும் இப்போது இடம் பிடிப்பது லேசல்ல.

இதற்கான பதில் தண்டவாளத்திலேயே இருக்கிறது. கி.மு. 187இல் ரோமானியர் போட்ட எமிலியா பெருவழி, பியாசென்ஸாவிலிருந்து ரிமினி வரை கிட்டத்தட்ட நேர்க்கோடாக ஓடுகிறது. பார்மா, ரெஜ்ஜோ, மோதெனா, பொலோன்யா, இமோலா, ஃபயன்ஸா, ஃபொர்லி, செசெனா என்று நகரங்கள் அதன் மேல் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ரயில் பாதையும் அதையொட்டியே போகிறது. கிளைப் பாதைகளில் ஃபெர்ராராவும் ரவென்னாவும். ஃபெர்ராரா 1995இலும், ரவென்னாவின் மொசைக் ஆலயங்கள் 1996இலும், மோதெனா பேராலயம் 1997இலும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாயின. இந்த மூன்றுக்கும் பொலோன்யாவிலிருந்து பிராந்திய ரயிலிலேயே ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அத்தனை ஊர்களுக்கும் கூட்டம் பிரிந்தால் எந்த ஊருக்கும் பாரம் இல்லை.

ஆகவே, வெனிஸ் நகராட்சியும் இத்தாலிய அரசும் யோசிக்க வேண்டியது வாசலில் நின்று வசூலிப்பதைப் பற்றி அல்ல. பயணியின் திட்டம் அவர் வீட்டை விட்டுக் கிளம்புவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. கூட்டத்தைத் திருப்ப வேண்டிய இடம் அதுதான். பிராந்திய ரயில்களில் சில நாட்கள் விருப்பம்போல் ஏறி இறங்குவதற்கான பாஸ்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வெளிநாட்டுப் பயணிகளில் மிகச் சிலருக்கே அது தெரியும். வெனிஸ் வசூலிக்கும் தொகையில் ஒரு பகுதியை இதை விளம்பரப்படுத்தவும், மாலை நேர ரயில்களைக் கூட்டவும் செலவிட்டால், நுழைவாயில் பணியாளர்களைவிட அதிகப் பலன் தரும்.

நம்மூர்ச் சுற்றுலா நிறுவனங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பேருந்தில் கூட்டமாக அழைத்துப்போய், ரோம், பைசா, புளோரன்ஸ், வெனிஸ் என்று ஊருக்கு அரை நாள் காட்டும் திட்டங்கள் நாளுக்கு நாள் சிரமமாகி வருகின்றன. வெனிஸ் 2024 முதல் வழிகாட்டியோடு வரும் குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு போட்டு, ஒலிபெருக்கிக்கும் தடை விதித்துவிட்டது. பெரிய நகரங்கள் சுற்றுலாப் பேருந்து உள்ளே நுழைவதற்குத் தனிக் கட்டணம் வாங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் நிறுத்தியாக வேண்டும்; அன்றாட ஓய்வையும் இஷ்டப்படி குறைக்க முடியாது. இந்தத் தொல்லைகளுக்கு நடுவே, பத்து நாள் திட்டத்தில் ஒரு நாளைப் பேருந்து இல்லாத நாளாக ஒதுக்கி, ஆளுக்கு ஒரு பிராந்திய ரயில் டிக்கெட்டையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்து அனுப்பிவிடலாம். ஓட்டுநரின் ஓய்வு நாளும் அதிலேயே கழியும். மொழி தெரியாத பெரியவர்கள் தொலைந்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால், நிலையத்திலிருந்து சதுக்கம் வரை ஒருவர் கூடப் போகட்டும். அதற்குப் பிறகு அவர்களை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டு, மாலை ஆறு மணிக்கு நிலையக் கடிகாரத்தின் கீழே சந்திப்பதாகச் சொல்லிவிட்டு வரலாம். நேரம் பார்க்க மட்டும் அந்தக் கடிகாரத்தை நம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்கான காரணத்தையும் விளக்கிவிட வேண்டும்.